அறுபது குச்சிகள்

அக்டோபர் 4, 1999, திங்கள்

இந்த உத்தியோகத்தில் இருப்பவள் நாட்குறிப்பு எழுதக் கூடாது. தெரியும். பதினெட்டு வருஷமாக எழுதவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், மனசில் இருப்பதை யாரிடமாவது கொட்டுங்கள் என்கிறார். யாரிடம் கொட்டுவது? வீட்டுக்காரரிடம் ஆபீஸ் பேச்சையே எடுக்கக் கூடாது. அதனால் பாங்கில் கொடுத்த இந்த டைரி. சமையல் புத்தகங்களுக்கு நடுவில் செருகி வைத்தால் அவர் கை அந்தப் பக்கம் போகாது.

நான் போலீஸ் இல்லை. பரீட்சை எழுதி, போலீசின் ரகசியப் பிரிவு ஒன்றில் மேசை வேலைக்கு வந்தவள். மாவட்டங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் படித்து, யார், எங்கே, எப்போது என்று அட்டைகளில் பிரித்து எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு தகவலுக்கும் மார்க். சொன்ன ஆளுக்கு ஓர் எழுத்து, சொன்ன விஷயத்துக்கு ஓர் எண். ஏ ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எஃப் ஆறு என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஏ ஒன்று போட்டது நான்கே தடவை. பிரிவில் எனக்குக் கஞ்சப் பிசினாறி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

கூடத்துக் கூரை ஒழுகுகிறது. கொத்தனாருக்குச் சொல்லியனுப்பி மூன்று நாள் ஆயிற்று.

அக்டோபர் 8, வெள்ளி

எங்கள் டி.எஸ்.பி. தாமோதரன் சார் காலையிலேயே கூப்பிட்டார். நவம்பர் 19 அன்று மணல்முனையில் ரசாயனத் தொழிற்சாலை திறப்பு விழா. மந்திரி வருகிறார். கழிவைக் கடலில் விட்டால் மீன்பாடு போய்விடும் என்று அந்த ஊர் மீனவர்கள் எட்டு மாதமாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவன் இன்னாசி என்பவன்.

"என்ன மேடம், இன்னாசி மேல நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"மறியல் ரெண்டு, மனு பதினொண்ணு, சார். மனு குடுத்தா ரசீது கேட்டு வாங்கிட்டுப் போற ஆளு."

"இது போதாது. மந்திரி வர்றார்."

என் கையில் இருந்தவை இரண்டு காகிதங்கள். மணல்முனைக்கு முப்பது கிலோமீட்டரில் உள்ள ஒரு கல்குவாரியில் ஜெலட்டின் குச்சிகள், அதாவது பாறைக்கு வைக்கும் வெடி, இருப்பில் குறைகின்றன என்று ஒன்று. எத்தனை என்று எழுதவில்லை. இன்னாசியின் மச்சினன் அதே குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறான் என்று இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தோன்றுவது எனக்கும் தோன்றியது. குச்சிகள் இன்னாசி தரப்புக்குப் போயிருக்க வாய்ப்புண்டு என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போனேன்.

"எத்தனை குச்சி?"

"தெரியலை சார். குவாரிக்காரங்களே எழுதலை."

"நம்பர் இல்லாத நோட்டை மேல ஒருத்தரும் படிக்க மாட்டாங்க மேடம். உத்தேசமா ஒண்ணு போடுங்க."

லாரி ஓட்டுகிறவன் திருடினால் சாப்பாட்டுப் பையில்தான் திருட முடியும். என் பையிலிருந்து டிபன் டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, பழைய அறிக்கைகளைக் குச்சி கனத்துக்குச் சுருட்டி உள்ளே அடுக்கிப் பார்த்தேன். ஐம்பதுக்கு மேல், எழுபதுக்குள். 'சுமார் அறுபது' என்று டைப் அடித்து, பக்கத்திலேயே 'ஊகம்' என்றும் போட்டேன். மார்க் போடவில்லை. ஊகத்துக்கு மார்க் கிடையாது.

அக்டோபர் 13, புதன்

கொத்தனார் வந்தார். பார்த்தார். போய்விட்டார்.

அக்டோபர் 20, புதன்

தெற்கே கடற்கரைப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியனிடமிருந்து அறிக்கை. மணல்முனையில் அவருக்குத் தகவல் கொடுக்கும் ஆள் சொல்கிறானாம்: இன்னாசியிடம் அறுபது ஜெலட்டின் குச்சிகள் இருக்கின்றன.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, நான் போட்ட கணக்கு! ஆனாலும் அவசரப்படவில்லை. தனி ஆள் சொன்னது. சி மூன்று.

அக்டோபர் 26, செவ்வாய்

இன்னும் இரண்டு வந்துவிட்டன. மாவட்டத் தனிப்பிரிவிலிருந்து ஒன்று, துறைமுகத்தில் இருக்கும் வேறொரு இலாகாவின் ஆளிடமிருந்து ஒன்று. இரண்டிலும் அறுபது.

நான் ஏமாளி இல்லை. ஒரே ஆள் மூன்று இடத்தில் ஒரே சரக்கை விற்பது எங்கள் தொழிலில் புதிதில்லை. சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டேன்.

"உங்க ஆளும் மத்த ரெண்டு ஆளும் ஒரே ஆளா இன்ஸ்பெக்டர்?"

"இல்ல மேடம். அதை நான் நல்லா விசாரிச்சிட்டேன். ஒருத்தன் ஐஸ் கம்பெனில இருக்கான், ஒருத்தன் கடை வச்சிருக்கான், மூணாவது ஆளு மீன்பிடி போட்டு ஓட்டுறவன். ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தையே கிடையாது."

"யாராவது கண்ணால பார்த்தாங்களா?"

"பாக்கலை மேடம். ஆனா அறுபதுங்கறதுல ஒருத்தனும் மாறலை. மேலேருந்து வயர்லெஸ்ல கேட்டிருந்தாங்கல்லா, அதான் ஒவ்வொருத்தனையும் பிடிச்சு நல்லாத் துருவிட்டோம்."

மூன்று பேர், மூன்று வழி, ஒரே எண். இதற்கு மேலும் சந்தேகப்பட்டால் அது பிடிவாதம். பி இரண்டு போட்டு, 'உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கஞ்சப் பிசினாறி இந்த வருஷம் கொடுத்ததிலேயே பெரிய மார்க் என்று தாமோதரன் சார் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கும் சிரிப்பு வந்தது.

நவம்பர் 7, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிட்டது. வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மணல்முனை ஞாபகம். இன்னும் பன்னிரண்டு நாள்.

நவம்பர் 12, வெள்ளி

காலை ஆறு மணிக்கு இன்னாசியைப் பிடித்துவிட்டார்கள். படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தானாம். வீடு, படகு, வலைக் கொட்டகை எல்லாம் சோதனை. குச்சி கிடைக்கவில்லை. அறுபது குச்சியை வீட்டிலேயே வைத்திருக்க அவன் என்ன மடையனா? கேட்கிறபடி கேட்டால் சொல்வான்.

கூரையில் தார் பூசியாயிற்று. மழை வந்தால் தெரியும்.

நவம்பர் 15, திங்கள்

இன்னாசி நேற்று செத்துப்போனார். விசாரணையில் இருக்கும்போது நெஞ்சுவலி என்று தந்தி சொல்கிறது. வயது நாற்பத்தாறு.

அட்டையை எடுத்து 'காலமானார்' என்று எழுதினேன். அது என் வேலை. மேலே ஏழு இடத்தில் 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். இதற்கு முன் இப்படியெல்லாம் எண்ணிப் பார்த்ததில்லை.

குச்சி எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லையாம்.

நவம்பர் 19, வெள்ளி

விழா நடந்தது. ஒரு கல்கூட விழவில்லை. தாமோதரன் சார் பிரிவுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்பதே நாம் செய்த வேலைக்குச் சான்று என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மைசூர்பாகை வீட்டுக்காரருக்கென்று கொண்டுவந்தேன்.

டிசம்பர் 6, திங்கள்

வருஷக் கடைசிக்காகக் காகிதங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பிரிவின் கூடையில் எங்கள் பெயருக்கு வந்த உறை ஒன்று பிரிக்காமல் கிடந்தது. குவாரியிலிருந்து. தேதி அக்டோபர் 18.

செப்டம்பரில் ஒரு நாள் வைத்த வெடியை மேஸ்திரி பதிவு செய்ய மறந்துவிட்டாராம். அதையும் சேர்த்தால் இருப்பு சரியாக இருக்கிறதாம். ஒரு குச்சிகூடக் குறையவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

நாற்காலியில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். குறையவே இல்லையென்றால் மூன்று பேரும் அறுபதை எங்கே பிடித்தார்கள்?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அட்டைகளைத் தரையில் பரப்பினேன். தேதிவாரியாக. சங்கரபாண்டியனின் அறிக்கை அக்டோபர் 20. அதற்கு முன்னால் 14ஆம் தேதி, தலைமையகத்திலிருந்து கடற்கரைக் காவல் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வயர்லெஸ்: 'இன்னாசி தரப்பிடம் அறுபது ஜெலட்டின் குச்சிகள் உள்ளதாகத் தகவல். விசாரித்துத் தெரிவிக்கவும்.' சுமாரும் இல்லை, ஊகமும் இல்லை. அதற்கு முன்னால் அக்டோபர் 8. என் குறிப்பு. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

அறுபது குச்சி பற்றி ஏதாவது தெரியுமா என்று போலீஸ் கேட்டிருக்கிறது. தகவல் கொடுத்தால்தான் கைக்காசு. அறுபதுதான் ஐயா என்று மூன்று பேரும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே ஆளா என்று கேட்டேனே, அந்த ஒரே ஆள் நான்தானா என்று கேட்கத் தெரியவில்லை எனக்கு.

இரவு சாப்பிடவில்லை. அவர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

டிசம்பர் 7, செவ்வாய்

தாமோதரன் சாரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மேடம், மூணு பேர் சொன்னாங்க. அதை நீங்க மதிப்பிட்டீங்க. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"எட்டாம் தேதி நோட்டும் இருக்கு சார். என் நோட்டு."

"அது டிராஃப்ட். டிராஃப்டை யாராவது ஃபைல்ல வைப்பாங்களா? எடுத்துட்டு வாங்க. இன்னாசி சாவு பத்தி ஆர்.டி.ஓ. விசாரணை வேற வருது."

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். குவாரிக் கடிதத்தையும் கேட்டார். அதையும் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து கை கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ஜனவரி 18, 2000, செவ்வாய்

போலீஸ் காவலில் யாராவது இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. விசாரணைக்காகத் தெற்கே, மணல்முனைப் பக்கம் வந்திருக்கிறேன். ஃபைலோடு உட்கார வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும், என் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. ஒரே கேள்விதான் வந்தது. "அறுபதுங்கறது எத்தனை பேர் குடுத்த தகவல்?"

"மூணு பேர், சார்."

எழுதிக்கொண்டார்கள். பிறகு இன்னாசியின் மனைவியைக் கூப்பிட்டார்கள். மரிய புஷ்பம். நாற்பது வயதிருக்கும். புருஷன் நிரபராதி என்று அழுவார், எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த அம்மாள் அழவில்லை. கோபத்தில் இருந்தார்.

"அறுபது குச்சி இருந்துச்சுன்னு ஊரே சொல்லுது சார். ஐஸ் கம்பெனில சொல்லுதாவ, கடையில சொல்லுதாவ. எனக்குத்தான் தெரியல. பதினாறு வருசம் கூட வாழ்ந்தேன், எங்கிட்ட மறைச்சிட்டாவளே. ரெண்டு பொட்டப்புள்ளைய படுக்க வீட்டுல வெடிய கொண்டாந்து வச்சிருக்காவளே. என்ன மனுசன் அவிய?"

'கணவரிடம் வெடிபொருள் இருந்ததை மனைவி ஒப்புக்கொள்கிறார்' என்று குமாஸ்தா எழுதினார்.

மதியம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"யம்மா, ஃபைலு நீங்கதான வச்சிருக்கிய? அவிய அதை எங்க வச்சிருந்தாவன்னு அதுல இருக்கா? கட்டிலுக்கு அடியிலயா? ராத்திரி படுத்தா அதே நெனப்பா இருக்கு."

"தெரியலைம்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தை. பத்து பேர் நின்றார்கள் என்று சாக்கு சொல்ல முடியாது. யாருமே இல்லை.

ஜனவரி 21, வெள்ளி

இன்லாண்ட் லெட்டர் வாங்கினேன். 'அம்மா, உங்கள் கணவரிடம் வெடி எதுவும் இல்லை. குவாரியில் எதுவும் திருடு போகவே இல்லை. அறுபது என்பது சென்னையில் ஒருவர் மனம்போன போக்கில் எழுதிய எண். உங்கள் கணவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.' முகவரி என் அட்டையிலேயே இருக்கிறது. அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டேன். எழும்பூரில் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் நன்றாகப் பசித்தது.

பிப்ரவரி 7, திங்கள்

கடிதம் என் மேசைக்கு வந்திருக்கிறது.

அந்த அம்மாள் அதைப் பங்குச் சாமியாரிடம் காட்டியிருக்கிறார். சாமியார் நல்ல எண்ணத்தில் போலீஸ் நிலையத்தில் கொடுத்திருக்கிறார். சங்கரபாண்டியன் இணைத்திருக்கும் குறிப்பு இப்படிப் போகிறது: 'மொட்டைக் கடிதம். குவாரி பற்றிய உள்விவரம் தெரிந்தவர் எழுதியது. இன்னாசி கூட்டத்தில் பிடிபடாத ஆள் சென்னையில் இருக்கிறான். மனைவியுடன் தொடர்பில் இருக்கிறான். குச்சிகள் இருக்கும் இடம் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அவர் வீடு இருமுறை சோதனையிடப்பட்டது. மூத்த மகள் பள்ளிக்குப் போய்வருவது கண்காணிக்கப்படுகிறது.'

ஓரத்தில் தாமோதரன் சாரின் பச்சை மை: 'மனைவி பேரில் அட்டை திறக்கவும். மார்க் போட்டு நாளைக் காலைக்குள் குறிப்பு தேவை.'

புது அட்டையை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் மரிய புஷ்பம் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இனி என்ன விசாரணை நடக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கிறபடி கேட்பார்கள்.

பிப்ரவரி 8, செவ்வாய்

குறிப்பு ஒரு பக்கம். 'இக்கடிதத்தை எழுதியவள் நான். அறுபது என்ற எண்ணை முதலில் எழுதியவளும் நான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.' முழுக் கையெழுத்து, தேதி. கொண்டுபோய்த் தாமோதரன் சார் கையிலேயே கொடுத்தேன்.

படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எதிரே உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பேசினார்.

"மேடம், பதினெட்டு வருஷம் இந்த வேலை பார்த்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. அறுபது இருக்குன்னு நாலு பேர் சொல்றாங்க. அதுல ஒருத்தி அவனோட பொண்டாட்டி. இல்லைன்னு சொல்ல நீங்க ஒருத்தர். கையில ஒரு காகிதம் கிடையாது. இதுக்கு நீங்களே என்ன மார்க் போடுவீங்க?"

 காகிதங்களை அவரிடம் தூக்கிக் கொடுத்தவளும் நானே.

"பிரஷர் அதிகமா இருக்கு போல. பதினஞ்சு நாள் லீவு போடுங்க. மனைவி கார்டை வேற யாராவது பார்த்துக்குவாங்க."

என் குறிப்பை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 11, வெள்ளி

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டுக்காரரிடம் ஆபீஸ் பேச்சை எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மணல்முனைக்குப் போகப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"வேலை போயிடும் மங்கை. பென்ஷனும் போயிடும். உள்ளேயே தூக்கி வச்சாலும் வைப்பாங்க."

"தெரியும்."

"நானும் வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். புளிசாதம் அவரே கட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரி 13, ஞாயிறு

மணல்முனைக்கு எட்டரை மணிக்கு வந்தேன். இதைப் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

வீட்டு வாசலில் மரிய புஷ்பம் மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்கதான அன்னைக்கு ஃபைலோட இருந்தவிய?" உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். என் பெயரிலிருந்து தொடங்கி, குவாரி, சாப்பாட்டுப் பை, சுருட்டிய காகிதம், வயர்லெஸ், மூன்று பேர், மொட்டைக் கடிதம். 

"அப்ப அவிய ஒண்ணும் வைக்கலையா?"

"வைக்கலைம்மா."

"எங்கிட்ட எதையும் மறைக்கலையா?"

"மறைக்கலை."

கையில் இருந்த மீனைக் கீழே போட்டார். "மூணு மாசமா அவியள வாயில வராத பேச்செல்லாம் பேசிட்டேன். கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தல. அப்பனப் பத்திக் கேட்ட புள்ளைய அடிச்சிருக்கேன்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். மீன் செதிலோடு அந்தப் பிடி வலித்தது.

"கோயில்ல பூசை முடியப் போவுது. வாங்க."

"உங்ககிட்ட சொல்லணும்னுதாம்மா வந்தேன்."

"எங்கிட்ட மட்டும் சொன்னா பத்துமா? ஊரெல்லாந்தான சொல்லி வச்சிய? ஊருக்குச் சொல்லுங்க."

கோயில் படியில் என்னை ஏற்றி நிறுத்தினார். சனங்கள் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். என் பெயரைச் சொன்னேன். எந்த ஆபீஸ் என்று சொன்னேன். அறுபதை எழுதியது நான், இன்னாசி அண்ணாச்சி ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். கூட்டத்தின் ஓரத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், மற்றவர்களைப் போல மரிய புஷ்பத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் மனப்பாடம் செய்கிற பார்வை. எத்தனையோ தடவை அவர் கொடுத்த தகவலை நான் படித்திருப்பேன், முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். அவரைப் போல இன்னும் இரண்டு பேராவது அங்கே இருந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் சொன்னது மூன்று வழியாகவும் ஆபீசுக்குப் போய்விடும்.

யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு கிழவர் மண்ணை அள்ளி என் மேல் வீசினார். நான் படியை விட்டு இறங்கப் பார்த்தேன். மரிய புஷ்பம் என் கையை விடவில்லை.

"பின்னால நிக்கிறவியளுக்குக் கேக்கல" என்றார். "மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னேன்.